மார்கழி விடியலில் குளோரின் கசிவு: டெல்டா நகரம் ஒன்றின் நெருக்கடி அறிவிப்பு பற்றிய நிகழ்வு ஆய்வு

இங்கே ஆராயப்படும் கசிவு எந்த ஊரிலும் நடந்ததில்லை. காவிரி டெல்டாவில் உள்ள ஒரு மாநகராட்சியை மனத்தில் வைத்து மேசை ஒத்திகைக்காக, அதாவது களத்தில் இறங்காமல் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசிப் பார்க்கும் பயிற்சிக்காக வகுத்த நிகழ்வு இது. அதனால்தான் ஊருக்குப் பெயர் வைக்கவில்லை. வாயுவின் குணம், ஒப்பிட எடுத்துக்கொண்ட பிற விபத்துகள், சட்டப் பிரிவுகள் ஆகியவை உண்மையானவை. கசிவின் அளவுகள் 22 டிகிரி வெப்பத்தில் 3 மில்லிமீட்டர் துளை என்று வைத்துப் போட்ட கணக்கு.

குளோரினைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. விஷவாயு என்றதும் டெல்டாக்காரர்களுக்குத் தொழிற்சாலைகள் நிறைந்த எண்ணூரும் கடலூரும்தான் நினைவுக்கு வரும். ஆனால் நம் ஊர்களில் குளோரின் இருப்பது கொள்ளிடக்கரையில், குடிதண்ணீர் எடுக்கும் தலைமை நீரேற்று நிலையத்தில். அதை வாங்கி வைத்திருப்பதும், கசிந்தால் ஊரை எச்சரிக்க வேண்டியதும் ஒரே மாநகராட்சிதான். இந்த ஆய்வில் தோன்றும் சிக்கல்களில் பாதி அந்த இரட்டை வேடத்திலிருந்து வருகிறது.

களம்

கொள்ளிடத்தின் தென்கரை. ஆற்றுமணலில் இறக்கிய கிணறுகளிலிருந்து நாளுக்கு 2 கோடி லிட்டர் தண்ணீர் எடுத்து, குளோரின் கலந்து, ஊரின் மேல்நிலைத் தொட்டிகளுக்கு அனுப்புகிறார்கள். லிட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் நாளுக்கு 40 கிலோ குளோரின் செலவாகும். டன் சிலிண்டர் என்று பேரிருந்தாலும் 900 கிலோதான் கொள்ளும் சிலிண்டர் ஒன்று 22 நாளைக்கு வரும். ஒன்று இணைப்பில், ஒன்று மாற்றுக்கு, இரண்டு இருப்பில் என்று நான்கு சிலிண்டர்கள், மொத்தம் 3,600 கிலோ.

அபாயகரமான இரசாயனங்கள் உற்பத்தி, சேமிப்பு, இறக்குமதி விதிகள் 1989-இன்படி, குளோரின் 10 டன்னை எட்டினால்தான் வளாகத்துக்கான அவசரத் திட்டம் உட்பட, பெரிய விபத்து அபாயமுள்ள இடத்துக்கான கடமைகள் தொடங்கும். 25 டன்னை எட்டினால்தான் பாதுகாப்பு அறிக்கை கட்டாயமாகும். நம் நீரேற்று நிலையத்தில் இருப்பது முதல் வரம்பின் பாதிகூட இல்லை. ஆகவே இந்த இடத்துக்கென்று எழுதப்பட்ட திட்டம் எதுவும் இல்லாமலே ஒரு மாநகராட்சி சட்டப்படி சரியாக இருந்துவிட முடியும். 2010 ஜூலை 14 அன்று மும்பைத் துறைமுகத்தில் கேட்பாரற்றுக் கிடந்த பழைய சிலிண்டர்களிலிருந்து குளோரின் கசிந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். டன் கணக்கில் சேமித்த பெரிய ஆலைதான் ஆபத்து என்ற எண்ணத்தை அந்த ஒரு நிகழ்ச்சியே உடைத்துவிடும்.

நேரம், மார்கழி மாதம் விடியற்காலை 4.40. வேண்டுமென்றே இதைத் தேர்ந்தோம். காற்று வடகிழக்கிலிருந்து, இலை அசையாத அளவுக்கு மெல்ல வருகிறது. தரையோரம் குளிர்ந்த காற்று, மேலே சற்றுச் சூடான காற்று. மூடி போட்ட பாத்திரம்போல் பனி கவிந்திருக்கிறது. பகலில் மேலெழும்பிக் கலைந்துவிடும் வாயு, இப்படிப்பட்ட நேரத்தில் தரையைத் தடவிக்கொண்டே வெகுதூரம் போகும். எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்ததும் ஒரு மார்கழி நள்ளிரவையொட்டித்தான், 2023 டிசம்பர் 26. அமெரிக்காவின் கிரானைட்வில்லில் இரயில்கள் மோதிக் குளோரின் வண்டி உடைந்தது 2005 ஜனவரி 6 அதிகாலையில். 9 பேர் இறந்தார்கள். சுமார் 5,400 பேரை ஊரைவிட்டு வெளியேற்ற வேண்டியிருந்தது.

மார்கழி விடியலுக்கு நம் ஊரில் இன்னொரு குணம் உண்டு. அந்த நேரத்தில் ஊர் விழித்திருக்கிறது. வாசல் தெளித்து, குனிந்து, தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் முகத்தை வைத்துக்கொண்டு பெண்கள் கோலம் போடுகிறார்கள். வீட்டுக் கதவு விரியத் திறந்திருக்கிறது. குளோரின் காற்றைவிட இரண்டரை மடங்கு கனமானது. அது வருகிற உயரமும் கோலம் போடுபவரின் மூச்சு இருக்கிற உயரமும் ஒன்றுதான்.

கசிவு

டன் சிலிண்டரின் இரு முனைகளிலும் மும்மூன்றாக ஆறு ஃப்யூசிபிள் பிளக்குகள் இருக்கும். தீப்பிடித்தால் 70 முதல் 74 டிகிரிக்குள் உருகி வழிவிட்டு, சிலிண்டர் வெடிக்காமல் காப்பதற்கான ஈயக்கலவை அடைப்புகள் அவை. நம் நிகழ்வில் தீ இல்லை. கீழே இருந்த ஒரு பிளக்கின் மரை அரித்துப்போய் 3 மில்லிமீட்டர் வழி விட்டுவிட்டது.

அரித்தது ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உலர்ந்த குளோரின் சாதாரண வெப்பத்தில் இரும்பை ஒன்றும் செய்யாது. ஈரம் பட்டால் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஹைப்போகுளோரஸ் அமிலமும் உண்டாகி இரும்பைத் தின்னத் தொடங்கும். ஈரம் உள்ளே போகிற வழி மிகச் சாதாரணமானது. எடைமேடை வேலை செய்யாததால் சிலிண்டரைக் கடைசிச் சொட்டுவரை இழுக்கிறார்கள். காலியானபின் வால்வை இறுக மூடாமல், அதன் மேல்மூடியையும் போடாமல் ஓரமாக உருட்டி வைக்கிறார்கள். சிலிண்டர் குளிரும்போது ஆற்றங்கரை ஈரக்காற்றை உள்ளே இழுத்துக்கொள்கிறது. நிரப்பும் இடத்தில் கழுவி உலர்த்தாமல் அப்படியே நிரப்பி அனுப்பினால், அடுத்த முறை அது வேறோர் ஊரின் நீரேற்று நிலையத்தில் கசியும். யார் செய்த தவறை யார் அனுபவிப்பது என்று அறிய வழியே இல்லாதபடி சிலிண்டர்கள் ஊர் ஊராகச் சுற்றுகின்றன. காலி சிலிண்டரின் வால்வை மூடுவது அடுத்த ஊருக்குச் செய்கிற கடமை.

திரவம் இருக்கும் மட்டத்துக்குக் கீழே துளை விழுந்தால், உள்ளே இருக்கும் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 6 கிலோ அழுத்தத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 10 கிலோ குளோரின் திரவமாகவே பீய்ச்சும். அதில் ஐந்தில் ஒரு பங்கு வெளியே வந்த கணமே ஆவியாகும். மீதி தரையில் மஞ்சள்பச்சைக் குட்டையாகத் தேங்கிக் கொதிக்கும். குளோரின் மைனஸ் 34 டிகிரியிலேயே கொதிப்பதால் தரை அதற்கு அடுப்பு மாதிரி. 10 பி.பி.எம்., அதாவது காற்றின் பத்து லட்சம் பங்கில் 10 பங்கு, உயிருக்கு உடனடி ஆபத்து என்று கொள்ளப்படுகிறது. ஒரு நிமிடக் கசிவு மட்டும் 180 மீட்டர் நீளமும் 180 மீட்டர் அகலமும் 10 மீட்டர் உயரமும் கொண்ட காற்று முழுவதையும் அந்த அளவுக்குக் கெடுக்கப் போதும்.

முதல் இருபது நிமிடம்

பம்ப் ஆபரேட்டர் முதலில் உணர்வது நெடி. 1 பி.பி.எம்.முக்குக் கீழேயே மூக்கு கண்டுகொள்ளும். ஜன்னல் வழியே பார்த்தால் சிலிண்டர் முனையில் வெண்பனி படிந்திருக்கிறது, தரையில் மஞ்சள் மூட்டம். இந்த நொடியில் அவர் செய்யக்கூடிய மிகப் பெரிய தவறு, ஈரத்துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு ஸ்பேனருடன் உள்ளே போவது. வால்வை மூடினால் நின்றுவிடும் என்ற நம்பிக்கையில்தான் போவார். கசிவது பிளக்கில், வால்வை மூடிப் பயனில்லை. வடிகட்டும் டப்பா பொருத்திய கேனிஸ்டர் முகமூடியும் இந்த அடர்த்திக்குத் தாங்காது. காற்று சிலிண்டரை முதுகில் சுமக்கும் சுவாசக் கருவி இல்லாமல் அந்தக் கதவைத் தாண்டக்கூடாது. அவர் செய்ய வேண்டியது அபாயச் சங்கை ஊதி, காற்று வரும் பக்கமாக வெளியேறி, போன் செய்வது மட்டும்.

போன் யாருக்கு? வழக்கமான வரிசை இப்படி இருக்கும்: ஆபரேட்டர் இளநிலைப் பொறியாளரான ஜே.இ.யை எழுப்புவார், ஜே.இ. உதவிச் செயற்பொறியாளரை, அவர் பொறியாளரை, அவர் ஆணையரை, ஆணையர் கலெக்டரை. அந்த வேளையில் ஒவ்வொருவரும் எழுந்து, கேட்டு, "நல்லா பாத்தியாப்பா?" என்று திரும்பக் கேட்டு முடிக்க நான்கு நிமிடம். ஐந்து அழைப்புக்கு இருபது நிமிடம். அதற்குள் 200 கிலோ வெளியேறிவிட்டது. ஊருக்கு இன்னும் ஒன்றும் தெரியாது.

2020 மே 7 அதிகாலை விசாகப்பட்டினத்தில் ஸ்டைரீன் கசிந்தபோது ஆலையின் அபாயச் சங்கு ஒலிக்கவில்லை. தூக்கத்தில் மூச்சுமுட்டி எழுந்தவர்கள் எங்கே ஓடுவதென்று தெரியாமல் தெருவுக்கு வந்து அங்கேயே விழுந்தார்கள். சங்கு இல்லாமல் இல்லை, அதை யாரும் அழுத்தவில்லை.

எனவே இந்த ஆய்வு வலியுறுத்தும் முதல் மாற்றம், வரிசையை உடைப்பது. ஆபரேட்டரே முதல் அழைப்பைத் தீயணைப்பு நிலையத்துக்கும், இரண்டாவதை 1077 மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கும் செய்யலாம், அப்படிச் செய்ததற்காக யாரும் அவரைக் கேள்வி கேட்கமாட்டார்கள் என்று ஆணையர் கையெழுத்திட்ட உத்தரவு அந்த அறையின் வெளிச்சுவரில் தொங்க வேண்டும். உள்சுவரில் தொங்கினால் பயனில்லை. எக்ஸாஸ்ட் விசிறியின் சுவிட்சுக்கும் காற்றுக் கருவிப் பெட்டிக்கும் இதே விதிதான். அறைக்குள் பூட்டி வைத்த கருவியை எடுக்க அதே கருவி வேண்டியிருக்கும்.

அறிவிப்பது யார்?

அமெரிக்க நகரங்களில் மேயரோ நகர மன்றமோ உள்ளூர் நெருக்கடிநிலையை அறிவித்துவிடலாம். டெண்டர் இல்லாமல் வாங்கவும், மக்களை வெளியேறச் சொல்லவும், மாநில உதவி கேட்கவும் அந்த ஒரே தாள் திறவுகோல். நம்மிடம் அப்படியொரு தாள் கிடையாது. அதன் வேலைகள் பல பிரிவுகளில் சிதறிக் கிடக்கின்றன.

பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005-இல் 34-ஆம் பிரிவு போக்குவரத்தை நிறுத்தவும், ஓர் இடத்துக்குள் வருவதையும் போவதையும் கட்டுப்படுத்தவும், மீட்புப் பணி நடத்தவும் மாவட்ட ஆணையத்துக்கு, அதாவது கலெக்டர் தலைமையிலான அமைப்புக்கு அதிகாரம் தருகிறது. பேரிடர் நேர்ந்த பிறகுதான் என்றில்லை, நேரும் அபாயம் இருந்தாலே போதும். 50-ஆம் பிரிவு டெண்டர் இல்லாமல் உடனே வாங்க வழிசெய்கிறது. 65-ஆம் பிரிவில் வாகனங்களையும் கட்டடங்களையும் கேட்டுப் பெறலாம். கூட்டம் சேரக்கூடாது, இந்த வீதியில் நுழையக்கூடாது என்பதற்கு பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 163-ஆம் பிரிவு, அதாவது பழைய 144. அதை நிர்வாக நடுவர்தான் போட முடியும், ஆணையர் போட முடியாது.

பேரிடர் மேலாண்மைச் சட்டத்துக்கு 2025-இல் வந்த திருத்தம் இதில் ஒரு கதவைத் திறந்திருக்கிறது. மாநகராட்சி உள்ள நகரங்களுக்கு மாநில அரசு அறிவிக்கை வெளியிட்டு நகர்ப்புறப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அமைக்கலாம். ஆணையர் அதன் தலைவர், கலெக்டர் துணைத்தலைவர். டெல்டாவில் திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம் ஆகிய மாநகராட்சிகள் இந்த வகையில் வரும். மன்னார்குடி, மயிலாடுதுறை, திருவாரூர், நாகப்பட்டினம் போன்ற நகராட்சிகள் வராது. அங்கே எல்லாம் கலெக்டர் வழிதான்.

சட்டத்தைவிடப் பெரிய தடை வேறொன்று. சட்டத்தின் விளக்கப்படி பேரிடர் என்பது பாதிக்கப்பட்ட சமூகத்தின் சமாளிக்கும் திறனை மீறியதாக இருக்க வேண்டும். அதிகாலை ஐந்து மணிக்கு ஆணையர் தன் நிலையத்தைப் பற்றி "எங்களால் சமாளிக்க முடியவில்லை" என்று சொல்ல வேண்டும். கசிந்தது அவருடைய சிலிண்டர். அறிவித்தால் விசாரணை வரும். இன்னும் பத்து நிமிடம் பார்ப்போம், ஆள் போயிருக்கிறார், அடைத்துவிடுவார் என்று காத்திருக்கத்தான் மனித மனம் தூண்டும். அந்தப் பத்து நிமிடத்தின் விலை 100 கிலோ. அவர் நல்லவரா திறமையானவரா என்பது இங்கே பொருட்டில்லை. கசியவிட்டவரையே தீர்மானிக்கச் சொல்வது அமைப்பின் கோளாறு.

தீர்மானத்தை மனிதரிடமிருந்து எடுத்து அளவுகோலிடம் கொடுக்க வேண்டும். கசிவு தொடங்கி 5 நிமிடத்தில் நிற்கவில்லை அல்லது வளாக வாயிற்கதவில் நெடி அடிக்கிறது, இரண்டில் ஒன்று நிகழ்ந்தாலும் அறிவிப்பு தானாக நடைமுறைக்கு வரும் என்று மாவட்டத் திட்டத்தில் முன்கூட்டியே எழுதிக் கலெக்டர் ஒப்புதல் பெற்றுவிட வேண்டும். இரசாயன விபத்துகள் விதிகள் 1996-இன்கீழ் கலெக்டர் தலைமையில் மாவட்ட நெருக்கடிக் குழு இருக்கிறது. 10 டன் வரம்புக்குக் கீழே உள்ள நீரேற்று நிலையங்களையும் அதன் பார்வைக்குள் கொண்டுவர எந்த விதியும் தடையில்லை. ஒரு தீர்மானம் போதும்.

என்ன சொல்வது, எந்தப் பக்கம் போகச் சொல்வது

நிலையம் வடக்கே ஆற்றங்கரையில், ஊர் தெற்கே. காற்று வடகிழக்கிலிருந்து வருவதால் வாயு தென்மேற்காக, ஊரின் மேற்குப் பாதி மேல் போகிறது. வாயுவின் பாதையிலேயே ஓடினால் அது துரத்திக்கொண்டே வரும். பாதைக்குக் குறுக்கே விலக வேண்டும். ஆனால் ஒரே அறிவிப்பை ஊர் முழுக்கப் போட்டுக் கிழக்கே போங்கள் என்றால், பாதைக்கு மேற்கே இருப்பவர்கள் வாயுவுக்குள்ளேயே நடந்து வருவார்கள். இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி அறிவிப்பு வேண்டும். கிழக்குப் பக்கத்தவர் கிழக்கே, மேற்குப் பக்கத்தவர் ஆற்றுக்கரைச் சாலையைப் பிடித்து வடமேற்கே.

யார் வெளியேறுவது, யார் உள்ளே இருப்பது என்பதற்கு வீட்டின் கூரைதான் விடை. மச்சு வீட்டுக்காரர்கள் மாடிக்குப் போய், ஜன்னல் கதவை அடைத்து, கதவிடுக்கில் ஈரத்துணி திணித்து, விசிறியையும் ஏ.சி.யையும் நிறுத்தி உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் பிழைக்கும் இடம் கிடைத்துவிடும். கீற்றுக் கொட்டகையில் உள்ளே இருங்கள் என்று சொல்வது கொலைக்குச் சமம். கூரைக்கும் சுவருக்கும் நடுவே கைவிட்டால் வெளியே வரும். வாய்க்கால்கரைப் புறம்போக்கில் இருக்கும் குடிசைகள்தான் முதலில் காலியாக வேண்டும். காற்று அடங்கும்போது குளோரின் காற்றின் சொல்லைக் கேட்காது, பள்ளத்தைத் தேடும். நம் தட்டையான ஊரில் பள்ளம் என்றால் வாய்க்கால்.

மார்கழியில் ஒரு வசதியும் உண்டு. கோயில்களில் ஒலிபெருக்கி ஏற்கெனவே கட்டியிருக்கிறது, ஆள் மைக் பக்கத்திலேயே இருக்கிறார். பள்ளிவாசலிலும் தேவாலயத்திலும் அப்படியே. செல்பேசி எச்சரிக்கை மாநில அளவில் ஒப்புதலாகி வருவதற்குள் இவர்கள் தெருவை எழுப்பிவிடுவார்கள். ஒவ்வொரு மைக் அருகிலும் ஒட்டி வைக்க வேண்டிய வாசகம் இது, கோடிட்ட இடத்தில் திசையை மட்டும் சொன்னால் போதும்:

"கொள்ளிடக்கரை தண்ணி நிலையத்துல குளோரின் கேஸ் கசியுது. வாசல்ல நிக்காதீங்க, கோலத்த அப்படியே விட்டுட்டு எந்திரிங்க. மாடி வீட்டுக்காரவங்க மாடிக்குப் போயி கதவு ஜன்னலச் சாத்துங்க. கூரை வீட்டுல இருக்கவங்க ______ பக்கமா நடங்க, ஓடாதீங்க. துண்ட நனைச்சு மூக்குல வச்சுக்கங்க. வாய்க்கால்ல எறங்காதீங்க. மாட்ட அவுத்து விடுங்க. வண்டி எடுத்துக்கிட்டு தண்ணி நிலையத்துப் பக்கம் யாரும் வராதீங்க. குடிதண்ணில ஒண்ணும் கலக்கல."

கடைசி வரி அலங்காரத்துக்கு இல்லை. வாயு கசிந்தால் குழாய்த் தண்ணீர் விஷமாகாது. ஆனால் "தண்ணியில மருந்து கலந்துட்டாம்" என்ற பேச்சு பத்து நிமிடத்தில் மூன்று தாலுகா தாண்டும். நடங்கள், ஓடாதீர்கள் என்பதற்கும் காரணம் இருக்கிறது. ஓடுபவர் இருமடங்கு காற்றை இழுப்பார்.

அடைப்பது

தீயணைப்பு வண்டி 5.10-க்கு வருகிறது என்று வைத்துக்கொண்டோம். இங்கே கண்டிப்பாகத் தடுக்க வேண்டிய ஒரு பழக்கம் தண்ணீர் அடிப்பது. கசியும் இடத்தில் தண்ணீர் பட்டால் அமிலம் உண்டாகித் துளை பெருக்கும். தரைக்குட்டையில் பட்டால் அதைச் சூடாக்கி இன்னும் வேகமாக ஆவியாக்கும். தண்ணீர்த் திரை வேண்டுமானால் வாயு போகும் பாதையில், குட்டையில் படாத தூரத்தில் போடலாம். குளோரின் தண்ணீரில் அதிகம் கரையாது என்பதால் அதிலும் பெரிய பலனை எதிர்பார்க்கக்கூடாது. அறையின் தரைச்சாக்கடை வாய்க்காலுக்குப் போகிறதா என்று பார்த்து, முதல் வேலையாக மணல்மூட்டையால் அடைக்க வேண்டும்.

காற்றுக் கருவி மாட்டிய இருவர் உள்ளே, அதே கருவியுடன் இருவர் வாசலில். 6 லிட்டர் கொள்ளளவும் 300 பார் அழுத்தமும் கொண்ட காற்று சிலிண்டரில் 1,800 லிட்டர் காற்று இருக்கும். கடின வேலையில் அது 30 நிமிடம்கூட நிம்மதியாகத் தராது. மார்கழியில் விரதமிருந்து தாடி வளர்த்தவரை உள்ளே அனுப்பக்கூடாது. முகமூடி தோலோடு ஒட்டாது.

உள்ளே போனவர்கள் முதலில் செய்ய வேண்டியது அடைப்பது இல்லை, உருட்டுவது. இதுதான் இந்த நிகழ்வின் திருப்புமுனை. கசியும் பிளக் மேலே வரும்படி சிலிண்டரை அரைச்சுற்று திருப்பினால், திரவத்துக்குப் பதில் வாயு வரும். அதே 3 மில்லிமீட்டர் துளையில் நிமிடத்துக்கு 10 கிலோ போய்க்கொண்டிருந்தது 1 கிலோவுக்கும் கீழே இறங்கிவிடும். வாயு வெளியேற வெளியேற மிச்சத் திரவம் குளிர்ந்து அழுத்தமும் குறையும்.

சிலிண்டரும் குளோரினும் சேர்ந்து ஒன்றரை டன். உருளைத் தாங்கிகள் மேல் வைத்திருந்தால் இரண்டு பேர் கடப்பாரை கொண்டு திருப்பிவிடலாம். மரக்கட்டை ஆப்பு வைத்து நிறுத்தியிருந்தால் அசைக்கவே முடியாது. செயின் பிளாக் வேண்டும், அது ஓட மேலே தண்டவாளம் வேண்டும். ஒரு நீரேற்று நிலையம் தயாராக இருக்கிறதா என்று அறிய ஆவணம் எதுவும் பார்க்க வேண்டாம். சிலிண்டருக்குக் கீழே குனிந்து பார்த்தால் போதும், ஆப்பா உருளையா என்று.

பிறகு அவசரப் பெட்டி. 100 கிலோ சிலிண்டருக்கு ஏ பெட்டி, டன் சிலிண்டருக்கு பி பெட்டி. இரண்டும் வேறு வேறு. சிறிய சிலிண்டரிலிருந்து டன் சிலிண்டருக்கு மாறியபோது பெட்டியை மாற்ற மறந்திருந்தால், அன்று காலை அதைத் திறந்து என்ன பயன்? பி பெட்டியில் பிளக்கின் மேல் கவிழ்த்து இறுக்கும் மூடி இருக்கும். அதன் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தால் இறுக்கியும் கசியும். அடைந்ததா என்று பார்க்க அம்மோனியா கரைசல் நனைத்த துணியை அருகில் காட்டுவார்கள். வெண்புகை எழுந்தால் இன்னும் கசிவு இருக்கிறது. கரைசலைக் கசிவின் மேல் ஊற்றக்கூடாது.

5.25-க்கு உருட்டி, 6.15-க்கு மூடி போட்டதாக வைத்தால், அதிகபட்சக் கணக்கில் 500 கிலோ போயிருக்கும். மிச்சம் 400 கிலோவை அப்படியே விட முடியாது. வால்வு வழியே வாயுவாக இழுத்துக் காஸ்டிக் சோடா கரைசலில் விட வேண்டும். ஒரு கிலோ குளோரினுக்கு 1.13 கிலோ காஸ்டிக். முழு சிலிண்டருக்கு 1,015 கிலோ, கைமிகையோடு 1,250 கிலோ இருப்பில் இருக்க வேண்டும். 20 சதக் கரைசலாக 6,000 லிட்டருக்குக் குறையாத தொட்டி. கரைசல் கொதிக்கும் அளவுக்குச் சூடாகும், ஆகவே மெதுவாகவே விட வேண்டும். இன்னொரு பொறி: வாயு வரத்து குறையும்போது கரைசல் குழாய் வழியே பின்னோக்கிச் சிலிண்டருக்குள் ஏறிவிடும். நடுவில் காலித் தொட்டி ஒன்றோ வெற்றிடம் உடைக்கும் வால்வோ இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கக்கூடாது. காஸ்டிக் தீர்ந்தால் நீற்றின சுண்ணாம்புப் பால் உதவும், கிலோவுக்குக் கிலோ கணக்கில். அடியில் படியாமல் கலக்கிக்கொண்டே இருக்க ஆள் வேண்டும்.

மருத்துவமனை வாசலில்

இருமலோடு வருபவர்களுக்கு ஆக்சிஜனும் மூச்சுக்குழல் விரிக்கும் மருந்தும். கண்ணை 15 நிமிடம் நல்ல தண்ணீரில் கழுவுதல், ஆடை களைதல். ஏமாற்றுவது, கொஞ்ச நேரம் கழித்துச் சரியாகிவிட்டது என்று வீட்டுக்குக் கிளம்புபவர்கள். நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது சில மணி நேரம் கழித்துத்தான் தெரியும். கடுமையாக இருமியவர்களைக் குறைந்தது 6 மணி நேரமும், அதிகம் சுவாசித்தவர்களை ஒரு நாளும் வைத்துப் பார்க்க வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்களும் குழந்தைகளும் முதலில்.

விலக்குவது

அறிவிப்பதைப்போலவே விலக்குவதற்கும் அளவுகோல் வேண்டும். வெயில் ஏறிப் பனி கலைய எட்டு மணி ஆகலாம். அதன்பின் மீட்டரைக் கணுக்கால் உயரத்தில் பிடித்து, வாய்க்கால், கிணற்றடி, கீழறை, கழிவுநீர்த் தொட்டியோரம் ஆகிய இடங்களில் 15 நிமிட இடைவெளியில் மூன்று முறை 0.5 பி.பி.எம்.முக்குக் கீழே காட்டினால் விலக்கலாம் என்று ஒத்திகையில் வைத்துக்கொண்டோம். இடுப்பு உயரத்தில் பிடித்து எடுத்த அளவை நம்பக்கூடாது. விலக்கிய உடனே எல்லா வீடுகளும் கதவைத் திறக்க வேண்டும் என்று அதே மைக்கில் சொல்ல வேண்டும். வெளியே தெளிந்த பிறகும் அடைத்த வீட்டுக்குள் வாயு தங்கியிருக்கும். சொல்லாவிட்டால் பயத்தில் மத்தியானம்வரை மூடியே இருப்பார்கள். மேற்குப் பக்க வயல்களில் கதிர்விடும் பருவத்தில் இருக்கும் சம்பா வெளுத்திருந்தால், கிராம நிர்வாக அலுவலரும் வேளாண்மைத் துறையும் அன்றே அளந்து குறிக்க வேண்டும். அறுவடைக்குப் பிறகு போனால் எது வாயுவால் வந்தது, எது நோயால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

தண்ணீர்

வாயு அடங்கிய பிறகு இரண்டாவது ஆபத்து தொடங்குகிறது. குளோரின் அறை முடங்கிக் கிடக்கிறது. மேல்நிலைத் தொட்டிகளில் இருப்பது அரைநாள் தண்ணீர். குளோரின் கலக்காமல் அடுத்த விநியோகத்தைத் திறந்தால் என்னவாகும் என்பது டெல்டாவுக்குத் தெரியும். 2022 ஜூலை 3 அன்று காரைக்காலில் காலராவை முன்னிட்டுப் புதுச்சேரி அரசு பொதுச் சுகாதார நெருக்கடிநிலையை அறிவித்தது, பள்ளி கல்லூரிகளை மூடியது. பழைய தெருக்களில் குடிநீர்க் குழாயும் சாக்கடையும் அருகருகே போகின்றன. விட்டு விட்டு வரும் விநியோகத்தில், தண்ணீர் நிற்கும் நேரத்தில் குழாய் வெளியேயுள்ள அழுக்கை உள்ளே இழுக்கும். அதைக் கொல்ல வீட்டுக் குழாய்வரை லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருந்தாக வேண்டும்.

மாற்று ஏற்பாடு பிளீச்சிங் பவுடர். புதிது என்றால் 33 சதம் குளோரின் தரும், ஈரத்தில் கிடந்தது 25 சதத்துக்கும் கீழே போய்விடும். 25 சதம் என்று வைத்தால் நாளுக்கு 160 கிலோ. 1 சதக் கரைசலாக 4,000 லிட்டர், இரவே கரைத்துத் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிவை மட்டும் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அடிச்சேறு போனால் குழாய் அடைபடும். இரண்டு தொட்டிகள் இருந்தால்தான் ஒன்று தெளியும்போது மற்றொன்று ஓடும். ஒரு வாரத்துக்கு 1,100 கிலோவுக்கு மேல் வேண்டும். அவ்வளவையும் நிலையத்திலேயே அடுக்கினால் ஈரத்தில் வீணாகும். ஆகவே ஊருக்கு இன்னொரு முனையில், உலர்ந்த கிடங்கில், மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுழற்றும் ஏற்பாட்டோடு வைக்க வேண்டும். கடைக்கோடித் தெருக்களில் மாலை விநியோகத்தின்போது வீடுவீடாகக் குளோரின் அளவைச் சோதித்து எழுதிவர வேண்டும்.

கசிந்த பிளக்கைக் கழற்றி, சாட்சிகள் முன் மகஜர் எழுதி, சிலிண்டர் எண்ணும் கடைசிச் சோதனைத் தேதியும் குறித்து, ஈரம் படாத பையில் முத்திரையிட்டு வைக்க வேண்டும். மரையில் உள்ள அரிப்பு உள்ளிருந்து வந்ததா வெளியிலிருந்து வந்ததா என்பதை அந்தத் துண்டு மட்டும்தான் காட்டும். பெரும்பாலும் அதைத்தான் முதலில் பழைய இரும்போடு போட்டுவிடுகிறார்கள். மற்ற மூன்று சிலிண்டர்களின் பதினெட்டு பிளக்குகளையும் அன்று மாலைக்குள் பார்த்து முடித்தால்தான், இரவு ஷிப்டுக்கு வரும் ஆபரேட்டரை அந்த அறைப் பக்கம் அனுப்பலாம்.